ஃபிராட், சொராரிட்டி, ஹேசிங்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவில் படித்தபோது தெற்காசிய மாணவர்களின் ஃபிராட் (fraternity, ஆண் மாணவர்களின் சங்கம்) ஒன்றில் இருந்தேன். பிறகு ஒன்பது வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் ஹேசிங், அதாவது சங்கத்தில் புதிதாகச் சேர்பவர்களை வதைப்பது, பற்றிய புகார்களை விசாரிக்கும் வேலை. இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் தயங்காமல் கேளுங்கள்.

டாலஸ் அப்பா: பையன் ஆகஸ்டில் காலேஜ் போகிறான். ஃபிராட் என்றால் நம்ம ஊர் ஹாஸ்டல் மாதிரியா?

இல்லை சார். ஹாஸ்டலில் இடம் ஒதுக்குவார்கள், இங்கே உங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்த சங்கம், சிலவற்றுக்குச் சொந்த வீடு உண்டு, சந்தா உண்டு. இன்றைய ஃபிராட்களுக்கு முன்மாதிரி 1825இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தொடங்கிய கப்பா ஆல்ஃபா. பெண்களுக்கென்று தனியாக வந்தவைதான் சொராரிட்டிகள். கறுப்பின மாணவர்கள் 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவையும், மாணவிகள் 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் தொடங்கினார்கள். சென்னையில் பிறந்த ஷ்யாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் இந்த இரண்டாவதில் உறுப்பினர். நம்மாட்கள் சங்கங்கள் பெரும்பாலும் 1990களில் முளைத்தவை.

மீனா: ஹேசிங் என்பது ராகிங்தானே? பெயர்தான் வேறு?

பாதி சரி. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், அடுத்த வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ராகிங்கில் நீங்கள் கல்லூரிக்குப் போனதே குற்றம், வேறு எதுவும் செய்திருக்க வேண்டாம். ஹேசிங்கில் நீங்களாகவே போய் வரிசையில் நிற்கிறீர்கள். புது உறுப்பினர்களைத் தேடும் ‘ரஷ்’ நாட்களில் தேடி வந்து பேசுவார்கள், சாப்பாடு வாங்கித் தருவார்கள். சேரச் சொல்லி அழைப்பு வந்து நீங்கள் பிளெட்ஜ் (இன்னும் முழு உறுப்பினராகாத புதியவர்) ஆனதும் அதே அண்ணன் நடுராத்திரி கூப்பிட்டு விரட்டுவான். பிடிக்காதவன் அடித்தால் புகார் கொடுக்கலாம். இவனை உங்களுக்குப் பிடித்திருக்கிறதே, அதுதான் சிக்கல்.

கார்த்தி: அண்ணா, உங்களை என்ன செய்தார்கள்?

குடிக்க வைக்கவில்லை. இரவு 11 மணிக்கு மெசேஜ் வரும், பிளெட்ஜ்கள் எட்டுப் பேரும் கறுப்பு டீஷர்ட்டில் பேஸ்மென்ட்டில் நிற்க வேண்டும். சுவரில் முதுகை ஒட்டி, நாற்காலி இருப்பதுபோல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, சங்கத்தைத் தொடங்கியவர்கள், பழைய உறுப்பினர்கள் பெயரை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். ஒருவன் தடுமாறினாலும் எல்லோரும் முதலிலிருந்து. என் பக்கத்தில் இருந்தவனுக்கு முட்டி நடுங்கி, டீஷர்ட் சுவரில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன்தான் கடைசிப் பெயரை எப்போதும் மறப்பான். அடுத்த வருடம் அதே பேஸ்மென்ட்டில் எதிர்ப்பக்கம் நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் வெட்கம் அதற்குத்தான், உட்கார்ந்ததற்கு இல்லை.

மீனா: கஷ்டப்பட்டால்தான் பாசம் வரும் என்கிறார்களே, உண்மையா?

கொஞ்சம் உண்மைதான், வம்பே அதில்தான் இருக்கிறது. ஆரன்சன், மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர, சில மாணவிகள் கூச்சப்பட வைக்கும் வார்த்தைகளை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சுலபமான வழி. பிறகு எல்லோருக்கும் வேண்டுமென்றே அறுவையாகத் தயாரித்த ஒரே உரையாடலைக் கேட்கக் கொடுத்தார்கள். அதிகம் கூசியவர்கள்தான் அதை நன்றாக இருந்தது என்றார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. மருமகளாக இருந்தபோது அழுதவர் மாமியாரானதும் ‘நாங்கள் படாததா’ என்பாரே, அதே கணக்கு.

ராலே அம்மா: மரணம் வரை எப்படிப் போகிறது?

பெரும்பாலும் குடிதான். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை என்ற ஃபிராட் வீட்டில் 19 வயது மாணவர் அளவில்லாமல் குடிக்க வைக்கப்பட்டுப் படிக்கட்டில் விழுந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆனது. வீடு முழுக்க கேமரா இருந்தது, எல்லாம் பதிவாகியிருந்தது. அதே வருடம் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இறந்த 18 வயதுப் பையனின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.495 சதவீதம்; வண்டி ஓட்ட அங்கே சட்டம் விடும் உச்சம் 0.08. நான் விசாரித்த புகார்களிலும் முதல் கேள்வி ‘இவனுக்கு என்ன ஆச்சு’ என்பதாக இருந்ததில்லை, ‘விஷயம் வெளியே தெரிந்தால் வீட்டை மூடிவிடுவார்களே’ என்பதுதான்.

சங்கீதா: பெண்கள் இதெல்லாம் செய்ய மாட்டார்கள்தானே?

செய்வார்கள். தூங்க விடாமல் வைப்பது, உடம்பை வைத்துக் கிண்டல், ஒருத்தியோடு யாரும் பேசாமல் இருப்பது. உடம்பில் தழும்பு இருக்காது என்பதால் புகாரும் குறைவு.

கார்த்தி: இது நூறு வருடப் பாரம்பரியம் என்கிறார்களே?

சிரிப்பு வருகிறது தம்பி. உண்மையான சடங்கு மெழுகுவர்த்தி, உறுதிமொழி, ரகசியக் கைகுலுக்கல்; ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், எனக்குக் கொட்டாவி வந்தது. சடங்குப் புத்தகத்தில் சுவரோரம் உட்காரச் சொல்லி எங்கேயும் இல்லை. கல்லூரியில் நான்கு வருடத்தில் ஆட்களே முழுசாக மாறிவிடுகிறார்கள், அதனால் ஐந்து வருடம் முன்பு ஒருவன் கிளப்பிவிட்டதுகூட அடுத்து வருபவனுக்கு ஆதிகாலத்து வழக்கம். எங்கள் பேஸ்மென்ட் கூத்தை யார் தொடங்கியது என்று பின்னாளில் தேடினேன். எனக்கு மூன்று வருடம் சீனியர். இன்று கலிஃபோர்னியாவில் பல் மருத்துவர்.

டாலஸ் அப்பா: சேராதே என்று சொல்லவா?

சொன்னால் உங்களிடம் மறைத்துச் சேருவான். 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, எந்தச் சங்கம் ஹேசிங்கில் மாட்டியது என்று கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும், முதலில் அதைப் பாருங்கள். போனில் ரகசியத்தைத் துருவாதீர்கள், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள், அதிலேயே தெரிந்துவிடும். யாராவது மயங்கிக் கிடந்தால் யோசிக்காமல் அவசர எண் 911ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மீனா: உங்கள் மகனை விடுவீர்களா?

அவனுக்கு இப்போது ஆறு வயது. கேட்டால் விடுவேன், ஆனால் என் பழைய சங்கத்துக்கு மட்டும் வேண்டாம். அங்கே ஒப்பிக்க வேண்டிய பழைய உறுப்பினர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.