சூடாகும் உலகில் பனி ஏன் குவிகிறது? வட அமெரிக்கக் குளிர்காலப் புயல்கள்: கேள்வி பதில்

கேள்வி: 2022 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கம் சில ஊர்களில் 2 மீட்டர் பனி கொட்டியதே, இதுவா புவி சூடாவது சார்?

பதில்: அந்தப் பனியே ஏரியின் சூட்டிலிருந்து வந்ததுதான். பஃபலோவை ஒட்டிய ஈரி ஏரியின் நீளம் ஏறக்குறைய 390 கி.மீ. மேற்குத் தென்மேற்குக் காற்று அந்த நீளம் முழுக்க நீரை உரசி வந்து நேரே பஃபலோ பக்கம் ஏறும். ஏரி நீருக்கும் 1.5 கி.மீ. உயரத்துக் காற்றுக்கும் 13 டிகிரியாவது வித்தியாசம் இருந்தால் ஈரக்காற்று விறுவிறுவென மேலெழும்பி ஒற்றைப் பட்டையாக மேகம் கட்டும். பட்டைக்குள் மாட்டிய ஊர் புதையும்; பக்கத்து ஊரில் வெயில்கூட அடிக்கும்.

ஈரி ஆழமில்லாத ஏரி, சராசரி 19 மீட்டர்தான். அதனால் சீக்கிரம் உறையும். உறைந்துவிட்டால் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி, ஆவி எழாது. ஈரி உள்ளிட்ட ஐந்து பேரேரிகளில் உறையும் பரப்பு 1970களிலிருந்து (ஏறி இறங்கினாலும்) குறைந்துகொண்டே வருகிறது. மூடி விழ நாளாகிறது, அதுவரை பனி கொட்ட வாய்ப்பு நீள்கிறது. ஒன்று மட்டும்: காற்று 0 டிகிரியைத் தாண்டினால் அதே பட்டை மழையாகப் பெய்யும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். டிவியில் அடிக்கடி 'பாம்ப் சைக்ளோன்' என்கிறார்களே?

பதில்: புயலின் மையத்தில் காற்றழுத்தம் 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் சரிந்தால் அந்தப் பெயர். இது 60 டிகிரி அட்சரேகைக்கான கணக்கு. உங்கள் 40 டிகிரிக்கு 18 போதும். அட்லாண்டிக்கில் ஓடும் கல்ஃப் நீரோட்டத்தின் வெதுவெதுப்பும் கரையின் கடுங்குளிரும் உரசும் இடம் என்பதால் அங்கே இது புதிதல்ல. புதிது ஈரம்தான்: 1 டிகிரி கூடினால் காற்று 7 சதவீதம் அதிக நீராவி தாங்கும்.

கேள்வி: 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்ததற்கும் ஆர்க்டிக் சூடாவதுதானே காரணம்?

பதில்: அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். அந்த ஜனவரியில் அடுக்குமண்டலம் (வானிலை நடக்கும் அடுக்குக்கு மேலுள்ள காற்றடுக்கு) திடீரெனச் சூடாகி, துருவத்தைச் சுற்றி அங்கே வீசும் குளிர்காற்று வளையமான துருவச் சுழல் குலைந்தது உண்மை. ஆர்க்டிக் சூடாவதால் இப்படிக் குலைவது கூடுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டைதான். கடுங்குளிர் நாட்கள் மொத்தத்தில் குறைகின்றன என்பதில் சண்டையில்லை.

கேள்வி: வானிலை ஆப் 25 செ.மீ. பனி என்றது, விழுந்ததோ 12. கூரை தாங்குமா என்று எதை வைத்துக் கணக்கிட?

பதில்: ஆப் பெரும்பாலும் 1 செ.மீ. நீருக்கு 10 செ.மீ. பனி என்று போடும். 0 டிகிரியை ஒட்டி விழும் ஈரப்பனி 5 செ.மீ.தான் வரும், உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். கடுங்குளிரில் பொடிப்பனி 20கூட வரும். ஆகவே உயரத்தை நம்பாதீர்கள், நீரை அளந்து பாருங்கள்.

வெள்ளை பெயின்ட் அடித்த 40 செ.மீ. சதுரப் பலகையை மரமும் சுவரும் இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள். நேர்ச்சுவருள்ள டின்னைக் கவிழ்த்துப் பலகைவரை அழுத்தி, அடியில் தகடு செருகி எடுங்கள். வீட்டுக்குள் உருகவிட்டு நீரின் ஆழத்தை அளந்து பாருங்கள். 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1 கிலோ. 30 செ.மீ. ஈரப்பனி 60 கிலோ, அதே உயரப் பொடிப்பனி 15 கிலோ. பலகையை 6 மணி நேரத்துக்குள் மறுபடி துடைக்காதீர்கள். அடிக்கடி துடைத்தால் மொத்தம் ஊதிக் காட்டும்.

கேள்வி: வாசலில் உப்பு போட்டும் உறைகிறதே?

பதில்: சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு வாங்குங்கள். உறைமழை (தரையில் பட்டதும் பனிக்கட்டியாக உறையும் மழை) எச்சரிக்கை வந்தால் மழைக்கு முன்பே தூவ வேண்டும்; கண்ணாடிபோல் படிந்த பிறகு இரண்டு மடங்கு கேட்கும்.