பரு மாத்திரையும் வெடித்த உதடும்

கேள்வி: எனக்கு வயது 23. முகப்பருவுக்காகத் தோல் மருத்துவர் ஐசோட்ரெட்டினோயின் 20 மி.கி. மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆறு வாரமாகச் சாப்பிடுகிறேன். பரு குறைகிறது, ஆனால் உதடு வெடித்து ரத்தம் கசிகிறது, வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. புறங்கை சிவந்து, சொரசொரப்பாகி அரிக்கிறது. 'சூடான மருந்து, உடனே நிறுத்து' என்கிறாள் தோழி. அடுத்த மாதம் ஒரு விசேஷம். மேலுதட்டில் வாக்சிங் செய்ய நினைத்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், வாக்சிங்கை நிறுத்துங்கள். இந்த மருந்து சாப்பிடும்போது மேல்தோல் மெலிந்து, லேசில் உரியும். மெழுகை இழுத்தால் முடியோடு தோலும் வந்துவிடும், தழும்பும் நிற்கலாம். மருந்து முடிந்த பிறகும் ஆறு மாதம் வரை வாக்சிங் கூடாது. முடியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் சின்னக் கத்தரியால் நறுக்கிக்கொள்ளுங்கள், போதும்.

உதட்டுக்கு வருவோம். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கித்தான் இந்த மருந்து பருவை அடக்குகிறது. அந்த எண்ணெய் குறைந்தால் தோல் காயத்தானே செய்யும்? உதடு ஏற்கெனவே மெல்லிய தோல், அதனால் முதல் அடி அதற்கு. இதைச் சாப்பிடுகிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் உதடு காய்கிறது. காயவே இல்லை என்றால், 'ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்கிற மருத்துவர்களும் உண்டு.

வாசனையோ நிறமோ இல்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். ஆனால் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று தடவினால் பயனில்லை. பல் துலக்கியதும், சாப்பிட்டு முடித்ததும், வெளியே கிளம்பும்போதும் தடவுங்கள். படுக்கும்போது தடிமனாகப் பூசுங்கள். டப்பா கைப்பையிலேயே இருக்கட்டும். புதினா வாசனை, குளுகுளு லிப் பாம் எல்லாம் புண்ணில் எரியும். நாக்கால் ஈரப்படுத்துவது நிமிஷத்துக்கு இதம். எச்சில் உலர்ந்ததும் முன்னைவிட மோசமாகக் காயும். தூக்கி நிற்கிற தோலைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள். ஈரத்துணியைச் சற்று நேரம் ஒற்றி வைத்து, மேலே ஜெல்லியைப் போடுங்கள். வாயோரத்தில் மஞ்சள் பொருக்கு கட்டினாலோ சீழ் வைத்தாலோ கிருமித்தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

புறங்கையில் வருவதும் அதே வறட்சிதான், முற்றிப்போய் அழற்சியாகியிருக்கிறது. வெந்நீரில் கை வைக்காதீர்கள், பாத்திரம் கழுவக் கையுறை போடுங்கள், கை துடைத்த ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அரிப்பு அடங்காவிட்டால் சில நாளைக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படலாம். அதை மருத்துவர் எழுதித் தரட்டும், மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். பழைய பரு ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப் எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுங்கள். வெயில் சீக்கிரம் சுடும், சன்ஸ்கிரீன் அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் தாங்கவில்லையா? அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். இந்த வறட்சி அளவைப் பொறுத்தது. குறைத்தால் உதடு தேறும், ஆனால் சிகிச்சை சில மாதம் நீளும். விசேஷத்துக்காக அது பரவாயில்லையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். மருந்து முடிந்த சில வாரங்களில் வறட்சி பெரும்பாலும் தானாகப் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது, ரத்ததானமும் கூடாது. வைட்டமின் ஏ மாத்திரையோ டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக்கோ கூடவே சேரக் கூடாது. பார்வை மங்கலோடு கடும் தலைவலி, காய்ச்சலோடு கொப்புளம், இனம்புரியாத மனச்சோர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.