தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெப்லி

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, பெரம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர் (படையின் துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவர்) பதில் சொல்கிறார்.

கேள்வி: வெளிநாட்டு வீடியோக்களில் ராணுவம் கழித்த பிஸ்டல்களைக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். நம் ஊரில் ராணுவ ஜீப் ஏலத்தில் கிடைக்கிறதே, பிஸ்டல் ஏன் கிடைப்பதில்லை? எனக்குச் சேகரிக்க ஆசை.
- கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: ஜீப் வேறு, ஆயுதம் வேறு தம்பி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் ஒரு கோடு போட்டிருக்கின்றன. .380, .455 (அங்குலத்தில் சொல்லும் அளவு) என்ற, அடியில் விளிம்பு நீட்டிய தோட்டாவோ, படைகள் பயன்படுத்தும் 9 எம்.எம். தோட்டாவோ உள்ளே போய் வெடிக்கக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடை செய்யப்பட்ட வகை. நீங்கள் வீடியோவில் பார்த்தவற்றை இந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள். வெப்லி மார்க் 6 ரிவால்வர் .455. என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வர் .380. லூகர், பிரௌனிங் ஹை-பவர் இரண்டும் 9 எம்.எம். எல்லாமே தடுப்புக்குள் போய்விடும். அந்த வகைக்கு லைசென்ஸ் தருவது டெல்லியில் உள்துறை அமைச்சகம். சேகரிக்கும் ஆசையைக் காரணமாகச் சொல்லி அங்கே போக முடியாது.

மற்ற வகைக்கு லைசென்ஸ் வாங்குவதானாலும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. சுவர் நிறைய மாட்டி வைக்கும் சேகரிப்பு இங்கே நடக்காது.

அதற்காக ஆசையை விட்டுவிட வேண்டாம். தோல் உறை, பெல்ட், துடைக்கும் கம்பி, எண்ணெய் டப்பா, பயிற்சிக் கையேடு என்று துப்பாக்கியைச் சுற்றியிருந்த பொருட்களைச் சேகரிக்கலாம். அவற்றில் நிறைய வரலாறு இருக்கிறது. காலித் தோட்டாக்கூடு மட்டும் வேண்டாம். சட்டத்தில் தோட்டாவின் பாகமும் தோட்டாவோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது. பாரிமுனையிலிருந்து நடக்கிற தூரத்தில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஆயுதங்கள் இருக்கும் பகுதியில் அவசரப்படாமல் நின்று பாருங்கள். முத்திரை எங்கே குத்தியிருக்கிறார்கள், கை பட்டு எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கப் பழகுவதுதான் முதல் பாடம்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் இருந்தவர் எங்கள் தாத்தா. அவருடைய டிரங்குப் பெட்டியில் துணி சுற்றிய பெரிய ரிவால்வர் ஒன்று கிடைத்தது. நடுவில் மடங்கித் திறக்கும்போலத் தெரிகிறது. மேலெல்லாம் துரு. லைசென்ஸ் எதுவும் கண்ணில் படவில்லை. மெருகு போட்டு ஷோகேஸில் வைக்கலாமா ஐயா?
- வாசகி, ராயபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. மெருகும் வேண்டாம், ஷோகேஸும் வேண்டாம். முதலில் அதிலிருந்து கையை எடுங்கள். எழுபது, எண்பது வருடம் பழைய தோட்டா உள்ளே இருக்கலாம். துருப்பிடித்திருக்கிறது, வெடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகள் எட்டாத இடத்தில், இருந்த பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள்.

அப்புறம் தாத்தாவின் காகிதங்களைத் தேடுங்கள். பழைய லைசென்ஸ் சிறு புத்தகமாக இருக்கும். பென்ஷன் காகிதத்தோடோ, பாட்டியின் பீரோவிலோ கிடைக்கலாம். கிடைத்தால் வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் இடம் உண்டு. கிடைக்காவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவது தவறு. அது எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி, ஒரு வழக்கறிஞரையும் கூட்டிக்கொண்டு கடிதத்தோடு மட்டும் போய் ஒப்புகை வாங்குங்கள். அதை எப்படி எடுப்பது என்று அவர்கள் சொல்வார்கள். சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தேவையில்லாத தாமதம் இல்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. தெரிந்தே மறைத்து வைப்பதுதான் ஆபத்து. தடை செய்யப்பட்ட வகையை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

"ஓடாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதற்கு" என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் சொல்லத்தான் செய்வார். 45-ஆம் பிரிவில் பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாதது என்று அந்த வரி சொல்கிறது. தோட்டாவை இடிக்கும் ஊசி உடைந்திருக்கிறது, ஸ்பிரிங் இல்லை என்பதெல்லாம் பழுது பார்த்தால் சரியாகிவிடும். அதனால் விலக்கு கிடைக்காது. பட்டறையில் கொடுத்துக் குழலை அடைக்கச் சொல்வதோ, லேத்தில் வைப்பதோ கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் ஆயுதத்தில் வேலை செய்வதே குற்றம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், அது வெப்லியாகவோ என்ஃபீல்டாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். வெப்லி மார்க் 6 பிரிட்டிஷ் படைக்கு 1915-இல் வந்தது, ஆறு அங்குலக் குழல், கனமான உருவம். என்ஃபீல்டு நம்பர் 2 வந்தது 1932-இல், அதைவிடச் சிறியது. அரசுச் சொத்து என்பதற்கு அகன்ற அம்பு முத்திரை இருக்கும். இரண்டு அம்புகள் முனைக்கு முனை பார்த்தபடி இருந்தால், படையிலிருந்து முறையாக விற்று வெளியேற்றியது என்று அர்த்தம். முறைப்படி எடுத்துச் செல்லும்போது இந்த முத்திரைகளையும் எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தாத்தா எந்தப் படைப்பிரிவு என்று தேட அவை உதவும்.

மெருகு ஏன் வேண்டாம் என்றால், உப்புத்தாள் முதலில் தின்பது முத்திரையைத்தான். அம்பும் ஆண்டும் அழிந்துவிட்டால் அது வெறும் பழைய இரும்பு. பெரம்பூர் பி அண்டு சி மில்லில் நெய்த காக்கியைப் போட்டுக்கொண்டு போன தலைமுறை உங்கள் தாத்தாவுடையது. அவர் பெயர் குறித்த காகிதமும் புகைப்படமும் வீட்டில் இருந்தால் அவற்றைக் கண்ணாடி போட்டு மாட்டுங்கள். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

கேள்வி: எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. வியாபாரி ஒருவர் பழைய வெப்லி அண்டு ஸ்காட் .32 பிஸ்டல் காட்டுகிறார். பல லட்சம் சொல்கிறார். புதிய இந்தியத் தயாரிப்பு அதைவிட மலிவு. எதைப் பார்த்து முடிவு செய்வது?
- வாசகர், கொளத்தூர்

பதில்: நல்ல கேள்வி. படையும் போலீசும் பயன்படுத்திய ரகத்தைச் சட்டப்படி நம் கையில் வைத்துக்கொள்ள இருக்கிற வழி இந்த .32 தான். ஐரோப்பாவில் 7.65 எம்.எம். பிரௌனிங் என்று சொல்வதும் இதே தோட்டாதான். வெப்லி அண்டு ஸ்காட் .32 பிஸ்டலை லண்டன் பெருநகரப் போலீஸ் 1911-இல் எடுத்துக்கொண்டது. வால்தர் பிபிகேயும் கோல்ட் 1903-உம் இந்த அளவில் படை அதிகாரிகளிடம் இருந்தவை.

விலை ஏறியதற்குத் தரம் மட்டும் காரணம் இல்லை. 1980-களின் நடுவில் பொதுமக்களுக்கான இறக்குமதி நின்றுபோனது. அதற்கு முன்னால் வந்தவைதான் இன்று வரை கைமாறிக்கொண்டிருக்கின்றன.

முதலில் காகிதம் பாருங்கள். பிஸ்டலில் குத்திய எண்ணும் விற்பவர் லைசென்ஸில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எண் இருக்கும் இடம் மட்டும் பளபளப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால் மேலே பேச்சே வேண்டாம்.

அப்புறம் பிஸ்டலுக்கு வாருங்கள். மேகசினைக் கழற்றி, மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் மற்றது. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள்ளே சுழலாக வெட்டிய வரிகள் மங்கியிருப்பது பெரிய குறை இல்லை. ஓரிடத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி, அடுத்த குண்டு அதை இடித்துக் குழல் வீங்கியிருக்கிறது. அதை வாங்காதீர்கள். குழலின் வாய் ஓரத்தில் அடிபட்டிருந்தால் குறி தப்பும். காலிக்கூடு வெளியே வரும் வாசலின் மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

வெப்லியில் இன்னொன்று உண்டு. பின்னுதைப்பைத் தாங்கும் ஸ்பிரிங் அதில் 'வி' வடிவத்தில் கைப்பிடிப் பலகைக்கு உள்ளே இருக்கும். உடைந்தால் அசல் கிடைப்பது கஷ்டம். பட்டறையில் அடித்த மாற்று ஸ்பிரிங் போட்டிருக்கிறார்களா என்று லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கை வைத்துத் திறந்து பாருங்கள். கறுப்பு ரப்பர் கைப்பிடி எளிதில் சில்லு விடும். மேகசின் அசலா என்று கேளுங்கள். துருவைத் தடுக்க இரும்பின் மேல் ஏற்றும் நீலம் புதிதாக இருந்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், பழைய துருக்குழி நீலத்துக்கு அடியில் தெரியும். வியாபாரி "புதுசு மாதிரி இருக்கு" என்பார். சேகரிப்பவனுக்கு அது விலையைக் குறைக்க வேண்டிய விஷயம். தேய்ந்து சாம்பல் நிறமாகிவிட்ட அசல் மேற்பரப்புக்குத்தான் நான் அதிகம் கொடுப்பேன். கிரீடமும் எம்.பி. என்ற எழுத்தும் இருந்தால் லண்டன் போலீஸில் இருந்தது. அதற்குத் தனி மதிப்பு.

பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் என்றால் புதிய இந்தியத் தயாரிப்பை வாங்குங்கள், உதிரி பாகம் கிடைக்கும். வரலாற்றின் மேல் பிரியம் என்றால் வெப்லியை வாங்கிக் குறைவாகச் சுடுங்கள். எதை வாங்கினாலும் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் தங்கியிருக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் அடிக்கிற உப்புக்காற்று கொளத்தூருக்கும் வரும். எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே சட்டப்படி ராணுவ பிஸ்டல் வாங்கப் போகிறான். ஜெர்மனியின் லூகர், அமெரிக்காவின் 1911, ரஷ்யாவின் டோக்கரேவ் மூன்றில் எது நல்லது? ஊருக்கு வரும்போது கொண்டு வர முடியுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: கொண்டு வர முடியாது சார். பெட்டியில் ஒரு தோட்டா கிடந்தால்கூட விமான நிலையத்தில் வழக்கு.

அங்கே வைத்துக்கொள்ள என்றால், மூன்றையும் ஒரே கண்ணோடு பார்க்கக் கூடாது. லூகரில் சின்னச் சின்னப் பாகத்தில்கூட எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். எல்லாம் பொருந்தினால்தான் முழு மதிப்பு. போரில் ரஷ்யர்கள் கைப்பற்றியவற்றைப் பிரித்துக் கலந்து கட்டியதால் எண்கள் மாறியிருக்கும். அவை சுடுவதற்கு நன்றாக இருக்கலாம், சேகரிப்புக்கு விலை குறைவு.

1911 பிஸ்டலில் எண் உடலில்தான் இருக்கும். பாகங்கள் மாறும்படியே வடிவமைத்தது. போருக்குப் பின் அரசுக் கிடங்குகளில் பிரித்து மாட்டியதால் ஒரு கம்பெனியின் உடலில் இன்னொரு கம்பெனியின் மேல்பாகம் இருப்பது சாதாரணம். டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் 8 லட்சத்துக்கு மேல் செய்தது. நம் வீடுகளில் தையல் மெஷினாக இருந்த சிங்கர் செய்தது 500 மட்டும். அதனால் சிங்கர் என்று யாராவது நீட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் 1911-களை சி.எம்.பி. என்ற அமைப்பு 2018 முதல் சட்டப்படி விற்கிறது. கடைக்காரர் வாய்ச்சொல்லைவிட அங்கே வாங்குவதை நான் விரும்புவேன். முதல் உலகப் போர்க் காலத்து மேல்பாகம் முழுதாகச் சூடேற்றிக் கடினப்படுத்தாதது. அதைச் சுட்டுத் தேய்க்க வேண்டாம், பார்க்க வைத்துக்கொள்ளட்டும்.

டோக்கரேவ் முரட்டு வேலை, ஆனால் நன்றாக உழைக்கும். அசலில் பாதுகாப்புப் பூட்டு தனியாகக் கிடையாது. ஹேமரைப் பாதியில் நிறுத்தும் அமைப்பு மட்டும்தான். அறையில் தோட்டாவோடு அதை எடுத்துத் திரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதற்குக் கிடைக்கும் பழைய ராணுவத் தோட்டாக்களில் பலவற்றின் அடியில் உள்ள, இடித்ததும் தீப்பற்றும் தீப்பொட்டில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் குழலில் உப்பு தங்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் போட வேண்டும். காசிமேட்டில் படகு எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

முதல் பிஸ்டல், சுடவும் வேண்டும் என்றால் 1911. போர் முடிந்தபின் பிரித்துக் கட்டியதாகவே இருக்கட்டும். ஸ்பிரிங்குகளைப் புதிதாக மாற்றிவிட்டுச் சுடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பாரிஸில் மனு பாக்கர் ஜெயித்ததிலிருந்து பிஸ்டல் சுட ஆசைப்படுகிறாள். பழைய ஏர் பிஸ்டல் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாராளமாக. 10 மீட்டர் போட்டிக்கான .177 ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அடையாளச் சான்று போதும். ஆனால் வாங்குவதற்கு முன் கிளப்பில் சேர்த்து, அங்கே உள்ள பிஸ்டலில் சில மாதம் பழகட்டும். கைப்பிடி அவள் கைக்குப் பொருந்த வேண்டும். பெரியவர் கைக்குச் செதுக்கியதை வைத்துப் பழகினால் மணிக்கட்டு கெட்டுப்போகும். பழையதை வாங்கும்போது காற்று அடைக்கும் சிலிண்டரில் குத்தியிருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டில் நிரப்புவதும் ஆபத்து. தேதி தாண்டியிருந்தால் புதிய சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.