பழைய தளத்தை இடித்த ரப்பிஷை என்ன செய்வது? மேஸ்திரியின் பதில்கள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் பல வருடமாகக் கட்டட வேலை செய்கிறேன். வீட்டின் கூரைத் தளம் மாற்றுகிறவர்கள் கம்பிக்கும் சிமெண்டுக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருப்பார்கள். இடித்ததை எதில் ஏற்றுவது, எங்கே கொட்டுவது என்பதை மட்டும் கடப்பாரை விழுந்த பிறகுதான் யோசிப்பார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேலூர் சைதாப்பேட்டை: தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு, 20க்கு 30 அடி. தளத்தை எடுத்துவிட்டு காங்கிரீட் போடப் போகிறோம். எத்தனை டிராக்டர் சொல்ல வேண்டும், அண்ணா?

முதலில் கனத்தைப் பாருங்கள் தம்பி. தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லித் தளம், அதற்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. எல்லாம் சேர்ந்து முக்கால் அடியாவது வரும். ஓரத்தில் ஒரு இடம் உடைத்து டேப் வைத்து அளந்துவிடுங்கள்; தண்ணீர் வாட்டத்துக்காக ஒரு பக்கம் இன்னும் கனமாகவே இருக்கும்.

600 சதுர அடிக்கு முக்கால் அடி என்றால் 450 கன அடி. இடித்ததும் அது உப்பி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். 675 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து டிராக்டர் டிப்பர் சுமார் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி பிடிக்கும். ஆக ஏழு நடை. பேச்சை நம்பாமல் பெட்டியையும் அளந்து பாருங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றே முக்கால் அடி உயரம் இருந்தால் 105 கன அடி. நடைக்கு இவ்வளவு என்று பேசும்போதே ஏற்றுக்கூலி அதில் சேர்த்தியா, தனியா என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அதில்தான் வருகிறது.

ஒரு நடை மூன்று டன்னுக்குக் குறையாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலப்பாடியில் ஒரு வீடு. சொன்ன நேரத்துக்கு டிராக்டர் வரவில்லை. ஆட்கள் சும்மா நிற்க வேண்டாமே என்று, உடைத்த ஜல்லியை இடிக்காத பக்கத்திலேயே குவிக்கச் சொல்லிவிட்டேன். கீழே சாமி ரூமில் நின்றுகொண்டிருந்தேன். கட்டை சுவருக்குள் போகிற இடத்திலிருந்து சுண்ணாம்புப் பொடி மெல்லிய கோடாகத் தோளில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கட்டை நடுவில் தொய்ந்திருந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டு, முட்டு கொடுத்து, சட்டி சட்டியாக அள்ளி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வண்டி வாசலுக்கு வராமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். உடைத்ததை அப்போதைக்கப்போது கீழே இறக்குங்கள். மழையில் நனைந்தால் எடை இன்னும் ஏறும்.

காட்பாடி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குக் கூரை மாற்றியபோது பெரிய இரும்புப் பெட்டியை வாசலில் இறக்கி வைத்தார்கள். இங்கே அப்படிக் கிடைக்குமா?

அதை டம்ப்ஸ்டர் என்பார்கள், அம்மா. அளவு கன கெஜத்தில் சொல்வார்கள். ஒரு கன கெஜம் 27 கன அடி. 10 கெஜப் பெட்டி 270 கன அடி, நம் கணக்கில் 2.7 யூனிட். 20 கெஜப் பெட்டி அதில் இரு மடங்கு. வாடகையோடு இத்தனை டன் என்று ஒரு வரம்பும் இருக்கும். மிஞ்சினால் தனிக் காசு. அங்கே கூரையில் போடும் தார் ஷிங்கிள் பார்க்க லேசாகத் தெரியும், எடை அதிகம். அதனால் பெட்டி நிரம்பும் முன்பே வரம்பைத் தொட்டுவிடும். பெட்டியைத் தெருவில் வைப்பதானால் பல ஊர்களில் அனுமதியும் வாங்க வேண்டும்.

நம் தெருக்களில் பெட்டியை விட்டுப்போகிற வழக்கம் இல்லை. வீட்டு மனைக்குள் இடம் இருந்தால் டிரெய்லரை மட்டும் கழற்றி விட்டுப் போகச் சொல்லலாம். நாலு சக்கர டிரெய்லராக இருக்க வேண்டும். இரண்டு சக்கரம் என்றால் பின்பக்கம் பாரம் ஏறியதும் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஆள் நிற்கிற இடத்தில் அது ஆபத்து.

கஸ்பா: எங்கள் சந்துக்குள் டிராக்டர் நுழையாது.

டாட்டா ஏஸ் வரும். ஆனால் அது சுமப்பது முக்கால் டன் அளவுதான். பெட்டியில் இடம் இருக்கிறதே என்று நிரப்பினால் வண்டியின் ஸ்பிரிங் பட்டை போய்விடும். சிமெண்ட் சாக்கில் பாதி பாதியாகக் கட்டி முனை வரை தூக்கிப்போய், விடியற்காலையில் டிராக்டரில் ஏற்றுவது பல நேரம் மலிவாக முடிகிறது. ஆள்கூலியைச் சேர்த்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேர்ணாம்பட்டு: பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை எடுக்கிறோம். உடைத்துப் போட்டால் ஒரே நடையில் போய்விடும் என்கிறார் டிரைவர்.

உடைக்கவே கூடாது. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரலாம். துணியை மூக்கில் கட்டினால் அது நிற்காது. முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், கொக்கி நட்டைக் கழற்றுங்கள், சீட்டை முழுசாக இறக்குங்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றித் தனியாக வையுங்கள்; செங்கல் ரப்பிஷோடு கலக்க வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியில் கேட்டுக்கொண்டு அப்புறம் ஏற்றுங்கள். குழந்தைகளை அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ராணிப்பேட்டை: பாலாற்று ஓரம் கொட்டிவிடுகிறேன், செலவு குறையும் என்கிறார் டிராக்டர்காரர். சரிதானே?

சரியில்லை. பாலாறு மேலே வறண்டு கிடந்தாலும் அதன் மணலுக்குள் ஊறுகிற நீரைத்தான் இத்தனை ஊர் குடிக்கிறது. 2016ல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளும் ரோட்டை, சாக்கடையை அடைக்கிற மாதிரி கொட்டக் கூடாது என்றன. பொறுப்பை இடிக்கிறவர் மேல்தான் வைத்தன. டிராக்டர்காரர் போய்விடுவார், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் கொட்ட எந்த இடம் என்று கேளுங்கள். அதற்கு முன் தெருவில் விசாரியுங்கள். யாராவது புது வீட்டுக்கு பேஸ்மென்ட் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். சுத்தமான செங்கல் ஜல்லி அவர்களுக்கு வேண்டும். மரத்துண்டு, பிளாஸ்டிக், துணி எதுவும் கலந்திருக்கக் கூடாது. மரம் உள்ளே போனால் கரையான் வரும்.

குடியாத்தம்: மரத்தை எடுத்துக்கொண்டு இலவசமாக இடித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

பழைய தேக்குக்கு நல்ல விலை உண்டு. கட்டைகளை எண்ணி, நீளம், அகலம், கனம் அளந்து, பழைய மரக்கடை இரண்டில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள். ரப்பிஷ் முழுவதையும் அவரே அள்ளித் தரையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று பேப்பரில் எழுதி வாங்குங்கள். கடைசி நடை போன பிறகு மரம் வெளியே போகட்டும்.