54 வாங்கியும் தோல்வியா?
அயல்மொழித் தேர்வுகள், டிப்ளோமாக்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிரெஞ்சு மொழியின் டெல்ஃப் பி2 தேர்வில் (ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகளில் நான்காவது) எனக்கு நூற்றுக்கு 54. தேர்ச்சிக்கு 50 போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் முடிவில் 'தேர்ச்சி இல்லை' என்று வந்திருக்கிறது. தவறு நடந்திருக்குமா?

பதில்: மொத்தத்தை விட்டுவிட்டு, பகுதிவாரி மதிப்பெண்ணைப் பாருங்கள். டெல்ஃபில் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுக்க வேண்டும் என்பது பாதி விதிதான். நான்கில் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது என்பது மீதிப் பாதி. கேட்டலில் 4.5 வந்திருந்தால், மற்ற மூன்றில் எவ்வளவு அள்ளியிருந்தாலும் டிப்ளோமா கிடையாது. மேல்நிலையான டால்ஃப் சி2-வில் பகுதிகள் இரண்டே. தலா 50, கீழ்வரம்பு 10.

இந்தக் கீழ்வரம்பு ஒவ்வொரு தேர்விலும் ஒவ்வொரு மாதிரி. படிக்கும் திட்டத்தையே மாற்றக்கூடிய விஷயம் இது. பாடப்புத்தகம் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஸ்பானிய மொழியின் டெலே தேர்வில், பி2 வரை, வாசிப்பும் எழுத்தும் ஒரு குழு, கேட்டலும் பேச்சும் இன்னொரு குழு. ஒவ்வொரு குழுவிலும் 50-க்கு 30 வேண்டும். எழுத்தில் தடுமாறுகிறவர் வாசிப்பில் அதை ஈடுகட்டிவிடலாம். ஆனால் பேச்சில் எடுத்த கூடுதல் மதிப்பெண் எழுத்துக்கு உதவாது. ஜப்பானிய மொழியின் ஜேஎல்பிடியில் என்5 எளிது, என்1 கடினம். அதன் என்2-வுக்கு 180-க்கு 90, அதோடு மூன்று பகுதிகள் ஒவ்வொன்றிலும் 60-க்கு 19. என்1-க்கு மொத்தம் 100. ஒரு படி எளிதான என்3-க்கோ 95, அதாவது என்2-வைவிட அதிகம்! தாள் எளிது, வரம்பு உயரம், அவ்வளவுதான்.

திரும்ப எழுதுவதிலும் வித்தியாசம் உண்டு. ஜெர்மன் மொழிக்கான கோத்தே சான்றிதழில் பி1 முதல் சி2 வரை நான்கு திறன்களும் தனித்தனித் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். தவறிய தொகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். இத்தாலிய மொழியின் சில்ஸ் தேர்வில் தேறிய பகுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, 18 மாதத்துக்குள் மீதியை முடிக்கலாம். டெல்ஃபில் இந்தச் சலுகை இல்லை. நீங்கள் நான்கு பகுதிகளையும் முதலிலிருந்து எழுதத்தான் வேண்டும்.

கேள்வி: சில சான்றிதழ்கள் ஆயுள் முழுக்கச் செல்லும் என்கிறார்கள், சில இரண்டே ஆண்டுகளில் காலாவதியாகின்றன. எதை எழுதுவது?

பதில்: யார் கேட்கிறார்களோ அவர்களிடம் போய் முதலில் பட்டியலை வாங்குங்கள். பல்கலைக்கழகம், குடியேற்றத் துறை, வேலை தரும் நிறுவனம் மூன்றும் ஒரே மொழிக்கு மூன்று வேறு தேர்வுகளை ஏற்பதுண்டு. அதைப் பார்க்காமல் 'நல்ல தேர்வு எது' என்று விசாரிப்பது வீண் அலைச்சல்.

பொதுவாக இரண்டு வகை. முதல் வகையில் நிலையை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்த நிலையைத் தாண்டினீர்களா இல்லையா என்பதுதான் முடிவு. டெல்ஃப், டால்ஃப், டெலே, ஜேஎல்பிடி, ஆங்கிலத்துக்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ்கள் இந்த வகை; இவற்றுக்குக் காலாவதித் தேதி கிடையாது. இரண்டாவது வகையில் எல்லோருக்கும் ஒரே தாள், மதிப்பெண்தான் உங்கள் நிலையைச் சொல்லும். ஆங்கிலத்தின் ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிரெஞ்சின் டிசிஎஃப் எல்லாம் இப்படி. இரண்டு ஆண்டுகள் செல்லும். ஸ்பானிய மொழியின் சியெலே ஐந்து ஆண்டுகள். கொரிய மொழியின் டோபிக் இந்த இரண்டு வகைக்கும் நடுவில்: டோபிக் 1 தாளில் 1, 2 நிலைகள், டோபிக் 2 தாளில் 3 முதல் 6 வரை. அதற்கும் இரண்டு ஆண்டுதான்.

காலாவதி இல்லை என்பதை நம்பி ஏமாறவும் கூடாது. தேர்வு நடத்துகிறவர் 'ஆயுள் முழுதும்' என்று சொன்னாலும், வாங்கிக்கொள்கிற அலுவலகம் 'அண்மையில் எடுத்தது வேண்டும்' என்று கேட்கலாம். விண்ணப்பிக்கும் நாள் தெரிந்திருந்து, மாதக்கணக்கில்தான் அவகாசம் இருக்கிறதென்றால் மதிப்பெண் வகை பாதுகாப்பு. அதில் 'தோல்வி' என்றே ஒன்று இல்லை. ஆண்டுகள் கழித்து எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் படிக்கிறவர்களுக்கு முதல் வகையான டிப்ளோமாவே மேல்.

கேள்வி: பி1 சான்றிதழ் இல்லாமல் பி2 எழுத விடுவார்களா?

பதில்: விடுவார்கள். டெல்ஃப், டெலே, கோத்தே, ஜேஎல்பிடி எல்லாவற்றிலும் நேராக எந்த நிலைக்கும் போகலாம். ஆனால் டெல்ஃப் பி2-வில் தவறினால் ஆறுதலாக பி1 தர மாட்டார்கள். கேம்பிரிட்ஜில் தருவார்கள்: பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் 160 தேர்ச்சி, 140 முதல் 159 வரை எடுத்தால் பி1 நிலைச் சான்று, 180-ம் அதற்கு மேலும் என்றால் சி1 நிலைச் சான்று.

கேள்வி: ஜேஎல்பிடி என்2 தேறிவிட்டேன். நேர்காணலில் வாயே திறக்க முடியவில்லை. தேர்வின் மீதே சந்தேகம் வருகிறது.

பதில்: தேர்வு அதைச் சோதிக்கவே இல்லையே. ஜேஎல்பிடியில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. முழுக்க விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சீன மொழியின் எச்எஸ்கே 1 முதல் 6 வரையிலான நிலைகளிலும் கொரிய மொழியின் டோபிக்கிலும்கூடப் பேச்சுக்கு வேறு தேர்வு எழுத வேண்டும். சான்றிதழை நீட்டுவதற்கு முன், அதில் எந்தத் திறனுக்கு மதிப்பெண் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பார்க்கிற நிறுவனமும் அதைத்தான் பார்க்கும்.

இதே தேர்வைப் பற்றி இன்னொரு வாசகரின் குழப்பம்: தான் சரியாக எழுதிய கேள்விகளை எண்ணிப் பார்த்தால் வந்த மதிப்பெண்ணோடு ஒத்துவரவில்லையாம். ஒத்துவராது. 2010-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, கேள்விக்கு இத்தனை என்று கூட்டுவதில்லை. யார் எந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதினார் என்ற போக்கை வைத்து ஓர் அளவுகோலில் மதிப்பெண் தருகிறார்கள். ஜூலைத் தாள் கடினமாகவும் டிசம்பர்த் தாள் எளிதாகவும் அமைந்தாலும் ஒரே திறனுக்கு ஒரே மதிப்பெண் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கேள்வி: இலக்கணம் நன்றாக இருந்தும் எழுத்துப் பகுதியில் மட்டும் மதிப்பெண் ஏறவே மாட்டேன் என்கிறது. எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில்: பெரும்பாலும் இலக்கணத்தில் இல்லை, கேட்டதைச் செய்யாததில். டெல்ஃப் பி2 எழுத்துக்கு ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொற்கள். நகர மேயருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதச் சொல்லி, குடியிருப்போரின் பிரதிநிதியாக எழுது என்றும் கேட்டிருப்பார்கள். சரளமாகக் கட்டுரை எழுதி வைத்துவிட்டு, யாருக்கு, யாராக எழுதுகிறோம் என்பதையே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். மரியாதை விளிப்பு, விஷயம், வாதம், முடிப்பு வாசகம் ஒவ்வொன்றும் மதிப்பெண் பெறும் இடம். கேள்வியில் எத்தனை கட்டளைகள் இருக்கின்றன என்று முதலில் எண்ணி அடிக்கோடிடுங்கள். பத்து நிமிடம் குறிப்பு, நாற்பது நிமிடம் எழுத்து, மீதி பத்தில் வினை வடிவமும் பால்-எண் பொருத்தமும் மட்டும் சரிபார்த்தல் என்று பிரித்தால் நேரம் சரியாக இருக்கும். சொல் எண்ணுவதிலும் கவனம் தேவை. பிரெஞ்சுத் தேர்வில் இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பது ஒரு சொல். அப்போஸ்ட்ரஃபி (') குறியாலோ சிறு கோட்டாலோ ஒட்டியிருப்பவை தனித்தனியாக எண்ணப்படா.

ஐஇஎல்டிஎஸ் எழுத்திலும் ஒரு மணி நேரம்தான். முதல் பணிக்கு 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. இரண்டாவது பணிக்கு இரட்டை மதிப்பு. வரைபடத்தை விவரிக்கும் முதல் பணியிலேயே முப்பது நிமிடத்தைக் கரைத்துவிட்டு, கட்டுரையைப் பாதியில் விடுவது வழக்கமான விபத்து. இருபது நிமிடம் ஆனதும், வாக்கியம் அரைகுறையாக நின்றாலும், இரண்டாவதற்குத் தாவுங்கள். டோபிக் 2-வின் 54-ஆம் கேள்வியான கட்டுரைக்கு 600 முதல் 700 எழுத்துகள். கேள்வியில் உள்ள வாக்கியங்களை அப்படியே பெயர்த்து எழுதிப் பக்கத்தை நிரப்பக் கூடாது என்று தாளிலேயே எச்சரித்திருப்பார்கள்.

பேச்சிலும் இதே நோய்தான். டெல்ஃப் பி2-வில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, தயாரிக்க 30 நிமிடம் தருவார்கள். அதன் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தேர்வாளருக்கு வேண்டியது உங்கள் கருத்தும், அவர் மறுத்துப் பேசும்போது நீங்கள் அதைத் தாங்கிப் பிடிக்கும் விதமும். தாளில் முழு வாக்கியம் எழுதாதீர்கள், எழுதினால் வாசிக்கத்தான் தோன்றும். தலைப்புச் சொற்கள் போதும்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ்ஸில் 6, 6, 6.5, 6.5. மொத்தம் 6-ஆ, 6.5-ஆ?

பதில்: 6.5. சராசரி 6.25, கால் மேலே ஏறி அரையாகும், முக்கால் மேலே ஏறி முழு எண்ணாகும். 6, 6, 6, 6.5 என்றிருந்தால் சராசரி 6.125, அது 6-க்கு இறங்கிவிடும். பல இடங்களில் மொத்தத்தோடு ஒவ்வொரு திறனுக்கும் தனி வரம்பு கேட்பார்கள், அதையும் பாருங்கள்.

கேள்வி: ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நாள் ஆகும்?

பதில்: நாளை விடுங்கள், மணி நேரத்தில் கேளுங்கள். ஆங்கிலத்துக்கு கேம்பிரிட்ஜ் தரும் கணக்கு, தொடக்கத்திலிருந்து மொத்தமாக: பி1-க்கு 350 முதல் 400, பி2-வுக்கு 500 முதல் 600, சி1-க்கு 700 முதல் 800, சி2-வுக்கு 1000 முதல் 1200 மணி நேரம். இவை ஆசிரியரோடு படிக்கும் நேரம்; எழுத்துமுறையே வேறான மொழிக்கு இது பற்றாது. (அந்த சி2 தேர்வு முதன்முதலாக 1913-இல் நடந்தபோது மொத்தம் பன்னிரண்டு மணி நேரம், எழுதியவர்கள் மூன்று பேர், மூவருமே தேறவில்லை.) எந்த நிலைக்கும், கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு மாதிரித் தாளை எழுதிப் பாருங்கள். வீட்டில் தேர்ச்சி வரம்பைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாக வந்த பிறகு பதிவு செய்வது நல்லது. தேர்வறைப் பதற்றம் அவ்வளவைத் தின்றுவிடும்.

கேள்வி: பதிவுப் படிவத்தில் பெயரைச் சுருக்கி எழுதலாமா?

பதில்: கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலும் முன்பெயர், குடும்பப்பெயர் பிரிவும் அப்படியே இருக்கட்டும். பிறகு திருத்துவது எளிதல்ல, அடையாள அட்டையோடு பொருந்தாவிட்டால் தேர்வறை வாசலிலேயே நிறுத்தக்கூடும்.