திருச்சி – பலாலி: தொலைவு குறைவு, நேரம் குறையவில்லை

கொழும்புக்கு வந்து இரண்டு மாதமே ஆன நீங்கள், திருச்சியில் இருக்கும் பெற்றோரை மாதந்தோறும் பார்த்து வர யாழ்ப்பாணம் வழியாகப் பறப்பது நல்லதா என்றும், வரைபடம் நூறு மைல் என்று காட்டும் தொலைவுக்குப் பயணச்சீட்டில் ஏன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் திருச்சிக்காரன்தான்; 2006இல் வந்து கொழும்பின் வெள்ளவத்தையில் குடியேறியவன்.

அந்த நூறு, கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 185 கிலோமீட்டர். பலாலியின் ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர்தான். அதனால் அங்கே பெரிய ஜெட் விமானம் இறங்காது, சுழல்விசிறி பொருத்திய ஏடிஆர் 72 வகை விமானமே வந்து போகிறது. அது மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கக்கூடியது என்பதால், கணக்குப்படி இருபத்திரண்டு நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் சீட்டில் உள்ள நேரம், நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் போய் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவதற்காகச் சுற்றி வந்து நேராவது என்று எல்லாம் அதற்குள் அடங்கும். கொழும்பின் பன்னாட்டு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி 415 கிலோமீட்டருக்கு மேல், அதாவது இரு மடங்குக்கும் அதிகம். இருந்தும் ஜெட் விமானத்தில் அதுவும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். (2006 ஏப்ரல் முதல் இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே என்பதால், புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து அப்படியே கழித்துப் பார்க்கலாம்.)

உங்கள் கணக்கில் விடுபட்டது, கொழும்பிலிருந்து பலாலி வரையான தரைவழி. வெள்ளவத்தையில் இரவுப் பேருந்து ஏறினால் யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீட்டர், எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நகரிலிருந்து விமான நிலையத்துக்கு இன்னும் 16 கிலோமீட்டர் போக வேண்டும். ஒரு மழைக்கால இரவில் பேருந்து வழியில் பழுதாகி நின்றதால், பிடிக்க வேண்டிய விமானத்தை விட்டுவிட்டு, ஒரு நாள் முழுவதும் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தவன் நான். கட்டுநாயக்க என்றால், 2013இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலை இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பி ஐந்தாறு மணி நேரத்தில் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்துவிடலாம். பலாலி வழியில் பயணச்சீட்டில் மிச்சப்படும் பணமும் பேருந்து, ஆட்டோ, காலைச் சாப்பாடு என்று போய்விடும்.

பலாலி வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் (இதே பலாலி நிலையத்தின் அன்றைய பெயர்) இறங்கித்தான் சென்னைக்குப் போனது. நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த அந்த வாசல் 2019இல் திறந்ததும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவை தொடங்கியதும் வடக்கில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். அலுவலக வேலையாக நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் வாரங்களில், அங்கிருந்தே ஊருக்குப் போய் வாருங்கள். மற்ற மாதங்களுக்குக் கட்டுநாயக்கவே சரி.