மழைக்காலச் சமையலறை: கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஈரம் தரும் தொல்லைகளைப் பற்றியவை. துரு, பூஞ்சை, கட்டிப்போன உப்பு, நாறும் துணி எல்லாம் அதில் அடக்கம். கூடவே சமையல், கருவிகள், வெளிச்சம், இடவசதி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, புதுசா வாங்கின வார்ப்பிரும்புச் சட்டிக்கு எண்ணெய் தடவிப் பழக்கினேன். மேலே பிசின் மாதிரி கையில ஒட்டுது. ஓரத்துல துருவும் வந்துடுச்சு. தூக்கிப் போட்டுடலாமா?

பதில்: போடவே போடாதீர்கள். விரிசல் விடாத வார்ப்பிரும்பு எதையும் மீட்டுவிடலாம்.

பிசுபிசுப்புக்குக் காரணம் இரண்டுதான்: எண்ணெய் கூடிவிட்டது, இல்லையென்றால் சூடு போதவில்லை. எண்ணெய் நல்ல சூட்டில் காற்றோடு சேர்ந்து இறுகி, இரும்போடு ஒட்டிய கெட்டியான பூச்சாக மாற வேண்டும். தடிமனாகத் தடவினால் மேற்பரப்பு மட்டும் இறுகும். உள்ளே பாதி வெந்த பசையாக நின்றுவிடும்.

முதலில் துருவை எடுங்கள். லேசான துரு என்றால் இரும்பு நாரும் சோப்புமே போதும். ஆழமாக ஏறியிருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். துரு போன பிறகும் வினிகரில் கிடந்தால் அது இரும்பையே அரிக்கத் தொடங்கும். கழுவியதும் அடுப்பில் ஏற்றி, ஈரம் முழுக்கப் போகும் வரை சூடாக்குங்கள்.

சட்டி கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது அரைத் தேக்கரண்டி சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெயை உள்ளே, வெளியே, கைப்பிடி எல்லாம் தடவுங்கள். பிறகு காய்ந்த துணியால், தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுங்கள். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். சட்டி மங்கலாகத் தெரிய வேண்டும். ஈரப் பளபளப்பு இருந்தால் இன்னும் எண்ணெய் மிச்சம். ஓவனில் 230 டிகிரியில் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் சூடாக்கி, உள்ளேயே ஆற விடுங்கள். மூன்று முறை திரும்பச் செய்தால் போதும்.

ஓவன் இல்லாதவர்கள் அடுப்பிலேயே, ஜன்னலைத் திறந்து வைத்து, புகை எழுந்து அடங்கும் வரை மிதமான தீயில் காய்ச்சலாம். ஓரங்களுக்கும் சூடு போக, சட்டியை நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும்.

சோப்பு போடலாமா என்று தனியாகக் கேட்டிருப்பவருக்கு: தாராளமாக. பாத்திரம் கழுவும் சாதாரண சோப்பு இறுகிய பூச்சை எடுக்காது. எடுப்பது புளிப்புதான். தக்காளியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வதக்கினால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் கொதிக்க விட்டால் பூச்சு கரையும், உணவில் இரும்பு வாடையும் ஏறும்.

கேள்வி: எவர்சில்வர் வாணலியில் முட்டை பொரித்தால் பாதி சட்டியிலேயே நின்றுவிடுகிறது. எண்ணெயை எவ்வளவு கூட்டினாலும் இதே கதை.

பதில்: எண்ணெயைக் கூட்ட வேண்டாம், வாணலியை முதலில் காய விடுங்கள். முட்டையின் புரதம் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டபடியே மெதுவாகச் சூடேறினால் அதோடு பிணைந்துகொள்ளும்.

மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் வெறும் வாணலியை வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று பரவி ஆவியானால் இன்னும் காயவில்லை. உருண்டையாகத் திரண்டு பாதரசம் போல ஓடினால் காய்ந்துவிட்டது. சொட்டுக்கு அடியில் ஆவி ஒரு மெத்தையாக நின்று அதைத் தூக்கி வைப்பதால் இப்படி ஓடுகிறது. 1756-ல் இதை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் பெயரால்தான் இந்த விளைவு இன்றும் அறியப்படுகிறது.

ஆனால் அந்தச் சூடு முட்டைக்கு அதிகம், பலரும் இங்கேதான் கருக விடுகிறார்கள். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் விட்டு, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் போடுங்கள். நுரைத்து, நுரை அடங்கும் நேரத்தில் முட்டையை ஊற்றுங்கள். வெண்ணெய் உடனே பழுப்பானால் சூடு கூடுதல். நுரையே வரவில்லை என்றால் குறைவு. ஊற்றியதும் கரண்டியால் நோண்டாதீர்கள். அடிப்பக்கம் இறுகியதும் தானே விட்டுக்கொடுக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த முட்டை வாணலியைக் குளிர்விக்கும். கொஞ்ச நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

கேள்வி: மேடம், மரத்தாலான காய் வெட்டும் பலகை நடுவில் குழிந்து வளைந்துவிட்டது. கறுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. சமையல் எண்ணெய் தடவலாமா?

பதில்: சமையல் எண்ணெய் வேண்டாம். அதில் பெரும்பாலானவை நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் வாங்குங்கள்; அது கெடாது.

பலகை வளைவது ஒரு பக்கம் மட்டும் நனைவதாலும், ஈரத்தோடு படுக்க வைப்பதாலும். ஈரமேறிய பக்கம் விரிந்து மேடாகும், உலர்ந்த பக்கம் குழியும். எனவே குழிந்த பக்கத்தின் மேல் ஈரத்துணி போர்த்தி, கனமான எதையாவது ஏற்றி, ஓர் இரவு விடுங்கள். காலையில் சமமாகியிருந்தால் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் காற்றுப்படக் காய வையுங்கள். ஒரே முறையில் சரியாகாவிட்டால் இன்னொரு இரவு.

கறுப்புப் புள்ளி மேலாக இருந்தால் 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று தேய்த்தெடுங்கள். 220-க்குப் பிறகு பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மர நார்கள் சிலிர்த்து நிற்கும்; மறுபடி ஒருமுறை 220 போட்டால் அப்புறம் சொரசொரப்பு வராது. தேய்த்த பிறகும் புள்ளி உள்ளே இறங்கிக்கொண்டே போனாலோ, விரிசலுக்குள் இருந்தாலோ அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் எண்ணெயை இரு பக்கமும் ஓரங்களிலும் தாராளமாகத் தடவி, ஓர் இரவு ஊறவிட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். முதல் வாரத்தில் மூன்று முறை, பிறகு பலகை வெளிறித் தெரியும்போதெல்லாம். ஒரு பக்கம் மட்டும் வெட்டினாலும் கழுவும்போது இரண்டு பக்கத்தையும் நனையுங்கள், நிமிர்த்தி நிற்க வையுங்கள்.

கேள்வி: உப்பு ஏன் மழைக்காலத்தில் தண்ணீர் விடுகிறது?

பதில்: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய உப்பே ஈரத்தை இழுத்துக் கரையும். கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருந்தால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் வறுத்து, ஆறிய பிறகு, ரப்பர் வளையமுள்ள கண்ணாடி ஜாடியில் போடுங்கள். சூடாகவே மூடினால் உள்ளேயே நீர் கோக்கும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி அங்கேதான் போகிறது.

கேள்வி: மழை நாளுக்கு எளிய காய்கறி சூப் சொல்லுங்கள். நான் வைத்தால் உருளைக்கிழங்கு வேகாமல் நிற்கிறது, அரைத்தால் பசையாகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் உண்டு. தக்காளி அல்லது எலுமிச்சையை முதலிலேயே சேர்த்திருப்பீர்கள். புளிப்பு, காயின் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டினைக் கரைய விடாது. எவ்வளவு கொதித்தாலும் துண்டு கடிபடும். பசையாவது மிக்ஸியால். உருளைக்கிழங்கை வேகமாக அரைத்தால் ஸ்டார்ச் முழுவதும் வெளியே வந்துவிடுகிறது.

நான்கு பேருக்கு: வெங்காயம் 150 கிராம், கேரட் 200 கிராம், உருளைக்கிழங்கு 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், வெண்ணெய் 20 கிராம், உப்பு 10 கிராம். வெங்காயத்தில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, வெண்ணெயில் குறைந்த தீயில் பத்து நிமிடம், நிறம் மாறாமல் கண்ணாடியாகும் வரை வதக்குங்கள். இதில் அவசரப்பட்டால் சூப் முழுக்கப் பச்சை வாடை அடிக்கும். கேரட்டையும் கிழங்கையும் ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாகச் சேர்த்து, தண்ணீரும் மீதி உப்பும் விட்டு, மெல்லக் கொதிக்கும் தீயில் இருபது நிமிடம். தக்காளி வேண்டுமென்றால் கிழங்கு வெந்த பிறகு. மிக்ஸியை விட்டுவிட்டு, மத்தாலோ கரண்டியின் பின்புறத்தாலோ மூன்றில் ஒரு பங்கை மட்டும் மசியுங்கள்; சூப் தானே திரளும். மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் இறக்கிய பிறகு.

கேள்வி: அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. காய் தோல் சீவ எந்த மாதிரி சீவி நல்லது?

பதில்: கைப்பிடியின் பருமனைத்தான் பார்க்க வேண்டும். ஒல்லியான உலோகப் பிடியை இறுக்கிப் பிடிக்கத்தான் மூட்டு வலிக்கும். தடித்த, மெத்தென்ற ரப்பர் பிடி இருந்தால் தளர்வாகப் பிடித்தாலே வழுக்காது. ஆக்ஸோ நிறுவனம் 1990-ல் கொண்டுவந்த தடித்த பிடிச் சீவி இதற்காகவே உருவானது. நிறுவனர் சாம் ஃபார்பரின் மனைவிக்கு மூட்டுவாதம் இருந்தது. வலி உள்ளவர்களுக்காகச் செய்த பிடி எல்லோருக்குமே வசதியாக அமைந்தது, நல்ல வடிவமைப்புக்கு எனக்குப் பிடித்த சான்று இது. அலகு அசைந்து கொடுக்கிறதா என்றும் பாருங்கள். ஆடாத அலகு என்றால் காயின் வளைவுக்கு மணிக்கட்டைத் திருப்ப வேண்டிவரும்.

கேள்வி: சின்னச் சமையலறை. எதை எங்கே வைப்பது?

பதில்: பாத்திரங்களின் அளவை விட்டுவிட்டு, கை போகும் வழியைப் பாருங்கள். 1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்து ஒழுங்கு செய்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து வெட்டும் மேசை, அதிலேயே தோல், தண்டு தள்ள ஒரு குழி, அரிசி போன்றவற்றுக்கெல்லாம் பெயர் எழுதிய உலோக இழுப்பறைகள்.

உங்கள் வீட்டில் கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே 60 சென்டிமீட்டராவது வெற்று மேடை விடுங்கள். கத்தி, பலகை, உப்பு, எண்ணெய் அங்கிருந்து கை எட்டும் தூரத்தில். தினம் எடுப்பவை தோளுக்கும் இடுப்புக்கும் இடையில், மாதம் ஒருமுறை எடுப்பவை மேலே, கனமானவை கீழே. மேடையின் உயரம் முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால் முதுகு வலிக்காது.

கேள்வி: விளக்கு போட்டும் வெட்டும் இடம் இருட்டாகவே இருக்கிறதே?

பதில்: விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, நிழல் பலகையில் விழுகிறது. மேல் அலமாரியின் அடியில், சுவரோரத்தை விட்டு முன் விளிம்பை ஒட்டி எல்.இ.டி. பட்டை பொருத்துங்கள். வண்ணம் காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். குறைவானதில் இறைச்சியும் கீரையும் பழையது போலத் தெரியும்.

கேள்வி: மீந்த சோற்றை நன்றாகச் சூடாக்கினால் போதும்தானே? எண்ணெயில் போட்ட பூண்டு எத்தனை நாள் வரும்?

பதில்: போதாது. அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகா. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

பூண்டு எண்ணெய் இன்னும் கவனிக்க வேண்டியது. காற்றில்லாத எண்ணெய்க்குள், பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தைத் தரும் கிருமி வளரும். வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. வெளியே வைக்கவே கூடாது. செய்தவுடன் ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடியுங்கள்.

கேள்வி: கைத்துணி துவைத்த மறுநாளே நாறுகிறது.

பதில்: துணி காய நேரமாவதுதான் காரணம். 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மென்மையூட்டும் திரவத்தை நிறுத்துங்கள். அது நாரின் மேல் படிந்து, துணியை நீர் உறிஞ்ச விடாது. மடித்துத் தொங்கவிடாமல் ஒற்றைப் படலமாக விரித்து, மின்விசிறிக்கு நேரே போடுங்கள். வினிகரில் அலசுவதானால் அதோடு பிளீச்சைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தடித்த துணி ஒன்றைவிட மெல்லிய துணி நான்கு வைத்து, ஒன்று நனைந்ததும் அடுத்ததை எடுப்பது மழை நாட்களுக்குச் சரியாக வரும்.